டிக்கெட் கடைசி: சிங்கப்பூர் வேலை பாஸில் இருந்துகொண்டு வெளிநாடு சுற்ற ஒரு வழிகாட்டி

நள்ளிரவில் மலிவு விமான நிறுவனத்தின் விற்பனை திறக்கும். பாங்காக் போக வர நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் கிடைக்கும். கை தானாக அட்டை எண்ணைத் தட்டிவிடும். மறுநாள் காலையில்தான் பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம்தான் பாக்கி என்பதும், அந்த வாரம் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம் என்பதும் தெரியவரும். மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது.

இந்திய பாஸ்போர்ட்டும் சிங்கப்பூர் வேலை பாஸும் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஈபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்), எஸ் பாஸ், வொர்க் பெர்மிட், டிபி (குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸ்) எது வைத்திருந்தாலும் வரிசை ஒன்றுதான்: பாஸ்போர்ட், பாஸ், விடுப்பு, விசா, அதன்பிறகு டிக்கெட். பிஆர்களுக்கும் (நிரந்தரவாசிகள்) சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சில நாடுகள் மூன்று மாதமே போதும் என்கின்றன. ஆனால் செக்-இன் மேசையில் நின்று சட்டம் பேச நேரம் இருக்காது. ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும்.

காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பித்துவிடுவது நல்லது. சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தின் சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஊர் முகவரிக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு போனால் இழுக்கும், ஆகவே ஒரு மாதத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் எண்ணை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்து மனிதவள அமைச்சின் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிட்டு சாங்கி விமான நிலையத்தின் தானியங்கி வாயிலில் நின்று முழிப்பார்கள். பழைய பாஸ்போர்ட்டில் உயிருள்ள விசா இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

2. பெயர்: நம்மவர்களுக்கே உரிய தலைவலி

தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் பாஸ்போர்ட்டில் மூன்று விதமாக அச்சாகியிருக்கும். அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். அல்லது தன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து முதற்பெயர் இடத்தில் இருந்து மற்றது காலியாக இருக்கும். அல்லது ஒரே பெயர் மட்டும் இருக்கும். டிக்கெட் போடும் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர விடாது.

செய்ய வேண்டியது இதுதான்.

பாஸ்போர்ட்டில் இரண்டு இடமும் நிரம்பியிருந்தால் அதையே அப்படியே எழுதுங்கள். அப்பா பெயரைச் சுருக்கி இனிஷியலாக்க வேண்டாம். வங்கி அட்டையில் ‘கே. முருகன்’ என்று இருக்கலாம், டிக்கெட்டில் அது கூடாது.

ஒரே பெயர் என்றால் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வழி வேறு. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். சிலர் குடும்பப் பெயர் இல்லை என்பதற்கு ‘எல்என்யு’ என்ற மூன்றெழுத்தைக் கேட்பார்கள். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துவிட்டு எழுதுங்கள். விசா விண்ணப்பத்தில் வேறு மாதிரி, டிக்கெட்டில் வேறு மாதிரி எழுதியவர்களுக்குத்தான் கதவடைப்பு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தருவதில்லை. துபாய் போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே அப்பா பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

சிங்கப்பூர்த் தமிழர்களின் பெயரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ வரும். டிக்கெட் தளங்கள் சாய்கோட்டை ஏற்காது. கோட்டை மட்டும் எடுத்துவிட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் போதும், அது ஏற்கப்படுகிறது.

3. பாஸின் காலம்

பாஸ்போர்ட்டுக்கு அடுத்தது இது. ஐரோப்பிய விசாவுக்கு, பயணம் முடிந்து திரும்பிய பிறகும் மூன்று மாதம் உங்கள் சிங்கப்பூர் பாஸ் உயிரோடு இருக்க வேண்டும் என்று தூதரகங்கள் கேட்கும். பாஸ் ஆகஸ்டில் முடிகிறது, ஜூனில் பாரிஸ் போக வேண்டும் என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ஈபியையும் எஸ் பாஸையும் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். மனிதவளப் பிரிவு கடைசி மாதம் வரை அசையாது, நீங்கள்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் அட்டையில் இருக்கிறது. 2017 செப்டம்பருக்குப் பின் அச்சான வேலை பாஸ் அட்டைகளில் காலாவதித் தேதி கிடையாது. விசா அதிகாரி அட்டையின் நகலைப் பார்த்து ‘எது வரை செல்லும்?’ என்று கேட்டால் நகலில் பதில் இருக்காது. எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியில் தெரியும் விவரத்தையோ, அமைச்சு கொடுத்த அறிவிப்புக் கடிதத்தையோ அச்சிட்டுச் சேர்த்து வையுங்கள். திரும்பும்போதும் இதே கேள்வி வரும். தொலைதூர விமான நிலையத்து ஊழியர் ‘சிங்கப்பூர் விசா எங்கே?’ என்பார். செயலியைத் திறந்து காட்டலாம், இணையம் இல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே அச்சு நகல் ஒன்று.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க: ஐபிஏ எனும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் மட்டும் கையில் இருக்கும்போது வெளியே போகாதீர்கள். பாஸ் வழங்கப்பட்டு அறிவிப்புக் கடிதம் வந்துவிட்டால், அட்டை வரும் வரை அந்தக் கடிதத்தைக் காட்டிப் போய் வரலாம். அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம்தான் ஆயுள்.

பிஆர் வைத்திருப்பவர்கள் மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

4. விடுப்பை எண்ணுங்கள்

வேலைவாய்ப்புச் சட்டப்படி மூன்று மாதம் வேலை பார்த்தவருக்கு முதல் ஆண்டில் குறைந்தது 7 நாள் சம்பள விடுப்பு, ஆண்டுக்கு ஒன்றாக ஏறி 14 வரை போகும். பெரும்பாலான அலுவலகங்கள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. அதோடு பொது விடுமுறை 11 நாள். ஞாயிறில் விழுந்தால் திங்கள் விடுமுறை.

2026 நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் மே 27, புதன்கிழமை. விசாக தினம் மே 31, ஞாயிறு. ஆகவே ஜூன் 1 திங்கள் விடுமுறை. நடுவில் வியாழனும் வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுத்தால், இரண்டு நாள் செலவில் ஆறு நாள் கையில். முன்னால் இருக்கும் திங்கள், செவ்வாயையும் சேர்த்தால் நான்கு நாள் விடுப்பில் பத்து நாள்: மே 23 முதல் ஜூன் 1 வரை. ஐரோப்பாவுக்கு அது போதும். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு, திங்களோடு சேர்த்து மூன்று நாள். ஊருக்குப் போகிறவர்கள் கூட்டத்தால் இந்திய டிக்கெட் எகிறும், அதே வாரம் வியட்நாம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த அடி குறைவு.

இந்த வசதியை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஜூன் மாதமும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள பள்ளி விடுமுறையும் விலை ஏறும் காலம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாதவர்கள் செப்டம்பர், அக்டோபர், பிப்ரவரி பிற்பாதியைப் பிடியுங்கள். விடுப்பு ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று மேலாளர் பேன்ட்ரியில் சொன்னது விசாக் கோப்பில் செல்லாது.

5. விசா இல்லாமலும், எளிதாகவும் போகக்கூடியவை

முதல் பயணத்துக்கே ஐரோப்பா வேண்டாம். பக்கத்து நாடுகளில் இரண்டு மூன்று முத்திரை விழட்டும்.

மலேசியா: இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2023 டிசம்பர் 1-இல் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் மலேசிய மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம்தான். சிங்கப்பூர்க் குடிமகனான நண்பருடன் எல்லைக்கு அப்பால் உள்ள ஜேபி (ஜோகூர் பாரு) போகிறீர்கள், அவருக்கு அது தேவையில்லை என்பதால் உங்களுக்கும் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடற்பாலத்தைக் கடக்க பேருந்தைவிட உட்லண்ட்ஸிலிருந்து ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் சுகம்: ஐந்து நிமிடம், 5 வெள்ளி. திரும்பி வர 5 ரிங்கிட். வார இறுதி இருக்கைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். பேருந்தில் போனால் இரு பக்கச் சோதனைச்சாவடியிலும் பையோடு இறங்க வேண்டும். பையைப் பேருந்தில் விட்டால் அது உங்களுக்கு முன்னால் போய்விடும்.

தாய்லாந்து: 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கிடைத்தது. இந்த விதியை அவர்கள் பலமுறை திருத்தியிருக்கிறார்கள், டிக்கெட் வாங்கும் அன்று தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் அங்கும் மின்னியல் வருகை அட்டை உண்டு. மூன்று நாளுக்குள், இலவசம்.

இந்தோனேசியா: வந்திறங்கியதும் வாங்கும் விசா, அல்லது முன்பே இணையத்தில் வாங்கும் அதே விசா: 500,000 ரூபியா, ஏறத்தாழ 40 வெள்ளி, 30 நாள். பாத்தாமில் ஒரு இரவு தங்கிக் கடலுணவு சாப்பிடப் போகும் நால்வர் குடும்பத்துக்கு விசாவே 160 வெள்ளி ஆகிவிடும். அந்தக் காசுக்குப் பாலியில் ஒரு வாரம் இருப்பதே புத்திசாலித்தனம். பாலிக்கு மட்டும் 150,000 ரூபியா சுற்றுலா வரி தனி. படகுப் பயணிகள் கவனிக்க: பாத்தாம், பிந்தான் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் படகுச் சீட்டில் போட்டிருப்பது அந்த ஊர் நேரம். பாலியின் நேரமோ நம் நேரம்தான்.

வியட்நாம்: மின்விசா. ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர், பலமுறைக்கு 50. 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தைப் போலவே வடிவமைத்த முகவர் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், மும்மடங்கு வாங்கும். படிவத்தில் எந்த விமான நிலையம் வழியாக நுழைகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினால் திருத்த வழியில்லை, புதிதாகப் பணம் கட்ட வேண்டும். அதிகாரபூர்வமாக மூன்று வேலை நாள் என்றாலும் இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். அவர்களுடைய ‘தெத்’ புத்தாண்டில் அலுவலகமே மூடியிருக்கும்.

பிலிப்பீன்ஸ் 2025 ஜூன் முதல் இந்தியர்களுக்கு 14 நாள் விசா விலக்கு தருகிறது. ஹாங்காங்குக்கு முன்பதிவு ஒன்று போதும்: இலவசம், ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள். அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்த ஒரே விசா), ஜப்பான், ஆஸ்திரேலியா போன்றவற்றின் விசா ஒன்று வாங்கிவிட்டால், தைவானுக்கு இணையத்திலேயே இலவச அனுமதிச் சான்று கிடைக்கும். பெரிய விசாவுக்கு இப்படி உபரி லாபங்கள் உண்டு.

ஜப்பான்: சிங்கப்பூரில் வசிப்பவர்கள் சுற்றுலா மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானில் இறங்கும்போது விசா அறிவிப்பை உங்கள் சொந்தக் கைப்பேசியில் இணையத்தோடு திறந்து காட்ட வேண்டும். அச்சு நகல், பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எதுவும் செல்லாது. சாங்கியிலேயே இ-சிம் போட்டுச் சோதித்துவிட்டு ஏறுங்கள்.

6. ஷெங்கன் கோப்பு

நிராகரிப்பு பணக்குறையால் மட்டும் வருவதில்லை, காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததாலும் வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

எப்போது: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவுக்கு 15 நாள் ஆகும், தோண்டினால் 45 நாள். இதைவிடக் கடினம் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது. ஜூன், டிசம்பர் பயணம் என்றால் மூன்று மாதம் முன்பே தளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். ரத்தான நேரங்கள் திடீரென்று திறக்கும், காலையிலும் இரவிலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எவ்வளவு: பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் திரும்ப வராது.

எந்த நாட்டிடம்: அதிக இரவு தங்கும் நாட்டிடம். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸ் நான்கு, சுவிட்சர்லாந்து நான்கு, ரோம் மூன்று, இறங்குவது பாரிஸ் என்றால் பிரான்ஸ். நேரம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வேறொரு நாட்டிடம் வாங்கி, அங்கே ஒரு இரவு மட்டும் தங்கும் தந்திரம் பழையது. எல்லை அதிகாரிகளுக்கும் அது தெரியும்.

காகிதங்கள்: விண்ணப்பம், 35க்கு 45 மில்லிமீட்டர் படம், பாஸ்போர்ட்டும் நகலும், சிங்கப்பூர் பாஸின் நகலும் காலாவதிச் சான்றும், வேலைக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடம், காப்பீடு, நாள்வாரியான திட்டம்.

வேலைக் கடிதம் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் இருக்க வேண்டும். சேர்ந்த தேதி, பதவி, மாதச் சம்பளம், ஒப்புதல் பெற்ற விடுப்புத் தேதிகள், திரும்பி வந்து வேலையில் தொடர்வார் என்ற வரி, கையெழுத்திட்டவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். விடுப்பு 23-ஆம் தேதி தொடங்க, விமானம் 22 இரவு கிளம்பினால் ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

வங்கி அறிக்கையில்தான் நம்மவர்கள் வழுக்குவது. சம்பளம் வந்த மறுநாளே ஊருக்கு அனுப்பிவிடும் பழக்கம் உள்ளவரின் கணக்கில் மாதக் கடைசியில் முந்நூறு வெள்ளி நிற்கும். மாதம் ஆறாயிரம் வாங்குபவர் முந்நூறு வெள்ளியோடு இரண்டு வாரம் ஐரோப்பா சுற்றுவாரா என்று அதிகாரி கேட்பது நியாயம்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதமும் பயணச் செலவுத் தொகையைக் கணக்கிலேயே விடுங்கள். கடைசி வாரத்தில் நண்பரிடம் ஐயாயிரம் வாங்கிப் போட்டால் அது அறிக்கையில் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். நிலையான வைப்பு இருந்தால் அதன் சான்றையும் சேருங்கள். அறிக்கையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் வேறு மாதிரி இருந்தால் வங்கியிடம் முழுப்பெயரோடு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

விசா வரும் வரை விமானத்துக்கு முன்பதிவு போதும், முழுப் பணம் கட்ட வேண்டாம். தங்குமிடமும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

நடுவில் லண்டன் போய்விட்டுத் திரும்ப ஐரோப்பாவுக்குள் வருகிறீர்களா? அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழையும் விசாவோடு பாரிஸிலிருந்து ரயிலேறி லண்டன் போனால் ஆம்ஸ்டர்டம் பக்கம் திரும்ப வர முடியாது. விண்ணப்பத்தில் பல நுழைவு என்று குறித்து, திட்டத்திலும் அதைக் காட்டுங்கள். பிரிட்டனுக்குத் தனி விசா.

பாஸ்போர்ட் அந்த இரண்டு வாரமும் மையத்தில்தான் இருக்கும். அதுவரை ஜோகூரில் பரோட்டாவும் கிடையாது. ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்த்துத் தேதி வையுங்கள்.

7. இப்போது டிக்கெட்

விலை ஒப்பிடும்போது பையின் எடையைச் சேர்த்து ஒப்பிடுங்கள். ஸ்கூட்டில் கைப்பை இரண்டு உருப்படி சேர்ந்து 10 கிலோ, ஏர் ஏஷியாவில் 7 கிலோ. மேலே போனால் வாயிலில் வாங்கும் கட்டணம் முன்பே வாங்கியதைவிடப் பல மடங்கு. வீட்டிலேயே தராசில் நிறுத்துவிடுங்கள். தேக்காவில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கொக்கித் தராசு கிடைக்கும்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டில் மாறிப் போவது மலிவாகத் தெரியும். ஆனால் நடுவிலுள்ள நாட்டில் பையை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரே முன்பதிவில் வரும் இணைப்பையே எடுங்கள்.

சாப்பாடு: சைவம் சாப்பிடுபவர்கள் ‘இந்து உணவு’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எச்என்எம்எல் என்று குறிக்கும் அதில் மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ மீனோ இருக்கும். நமக்கு வேண்டியது ஏவிஎம்எல், ஆசிய சைவ உணவு. குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். இறங்கிய பிறகு தாய்லாந்தில் ‘ஜே’ என்ற மஞ்சள் கொடியும் வியட்நாமில் ‘ச்சாய்’ என்ற பலகையும் உள்ள கடைகளைப் பாருங்கள். வெறுமனே ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் சாற்றை ஊற்றித்தான் தருவார்கள். ஜப்பானில் காய்கறி நூடுல்ஸ் சூப்பின் அடிச்சாறும் பெரும்பாலும் மீன்தான்.

8. காப்பீடு

ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவும், உடலையோ நோயாளியையோ திருப்பி அனுப்பும் செலவும் இருக்க வேண்டும். சான்றிதழில் ‘ஷெங்கன்’ என்ற சொல்லும் தொகையும் அச்சாகியிருக்க வேண்டும். மற்ற நாடுகளுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுங்கள். கடன் அட்டையோடு வரும் இலவசக் காப்பீடு பெரும்பாலும் விபத்துக்கு மட்டும், அதுவும் முழு டிக்கெட்டை அந்த அட்டையில் வாங்கியிருந்தால்தான். காய்ச்சலுக்கு மருத்துவமனை போனால் ஒன்றும் கிடைக்காது. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து முறை போகிறவர்களுக்கு ஆண்டுத் திட்டம் மலிவு.

9. பணமும் கைப்பேசியும்

பல நாணய அட்டை ஒன்று, வங்கி அட்டை ஒன்று, கொஞ்சம் ரொக்கம். ரொக்கத்தை ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலோ முஸ்தபாவிலோ மாற்றுங்கள். வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் திறந்துவிட்டுப் போங்கள், பூட்டியிருக்கலாம்.

கடையில் அட்டையைத் தட்டியதும் இயந்திரம் கேட்கும்: சிங்கப்பூர் வெள்ளியிலா, உள்ளூர்ப் பணத்திலா? வெள்ளியில் தொகை தெரிவதால் மனம் அதன் பக்கம் சாயும். அதை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், சில விழுக்காடு கூடுதல். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும்.

வியட்நாமில் 20,000 தோங் நோட்டும் 500,000 தோங் நோட்டும் இரண்டுமே நீலம். டாக்சியில் இருட்டில் இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. ஐந்து லட்ச நோட்டைப் பணப்பையின் வேறு அறையில் வையுங்கள்.

பயணத்துக்கு முந்தைய நாள் புதுக் கைப்பேசிக்கு மாறாதீர்கள். வங்கியின் மின்னியல் டோக்கனைப் புதிய கருவியில் அமைத்தால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். இ-சிம்மில் இணையம் ஓடட்டும், சிங்கப்பூர் சிம் குறுஞ்செய்தி வாங்க உயிரோடு இருக்கட்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான். 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டாம், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். அளவு அழிந்துபோன பழையதைப் பிடுங்கிவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது.

10. பாஸ்போர்ட் தொலைந்தால்

முதலில் உள்ளூர்க் காவல்துறைப் புகார், பிறகு அந்த நாட்டு இந்தியத் தூதரகம். அங்கே ‘அவசரச் சான்றிதழ்’ என்று உடனே ஒன்று தருவார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும், அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வர முடியாது. சிங்கப்பூருக்கே திரும்ப வேண்டும் என்றால் அங்கேயே புதுப் பாஸ்போர்ட் கேட்க வேண்டும், நாள் ஆகும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், பாஸ், விசா இவற்றின் நகலை மின்னஞ்சலில் ஒன்றும் பையில் ஒன்றுமாக வையுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டும் கூடவே.

11. திரும்பி வரும்போது

விமானத்திலோ படகிலோ வந்தால், நீண்டகால பாஸ் வைத்திருப்பவரும் எஸ்ஜி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். மூன்று நாளுக்குள், இலவசம். பணம் கேட்கும் தளம் ஐசிஏ எனும் குடிநுழைவு ஆணையத்துடையது அல்ல, முகவரி ‘கவ் டாட் எஸ்ஜி’ என்று முடிகிறதா என்று பாருங்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாகத் தரைவழியில் வந்தால் தேவையில்லை.

மின்சிகரெட்டை வேடிக்கைக்குக்கூட வாங்கி வராதீர்கள். கொண்டுவருவதும் வைத்திருப்பதும் புகைப்பதும் இங்கே குற்றம், பாஸே போய்விடலாம்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத பொருள் சேவை வரி. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளி வரையும், குறைவாக இருந்தவருக்கு 100 வெள்ளி வரையும் வரிவிலக்கு என்று பலகையில் இருக்கும். அது குடிமக்களுக்கும் பிஆர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும். வொர்க் பெர்மிட், ஈபி, டிபி, மாணவர் பாஸ், நீண்டகால பாஸ் வைத்திருப்பவருக்கு அந்த விலக்கே கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே 9 விழுக்காடு. ஊரில் 2,000 வெள்ளிக்குச் சங்கிலி வாங்கி வந்தால் 180 வெள்ளி வரி. கஸ்டம்ஸ் எஸ்ஜி செயலியில் வரும் முன்பே அறிவித்துக் கட்டிவிட்டால் பச்சை வழியாகவே வெளியேறலாம். இங்கிருந்து போட்டுக்கொண்டு போன பழைய நகைக்கு வரி இல்லை. ஆனால் பழையது என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கலாம். கடை ரசீதைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள், புதிதாக வாங்கியவற்றின் ரசீதைக் கைப்பையின் மேல் அறையில் வையுங்கள்.